கெட்டுப்போன நிலத்தடி நீரை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும்? ராணிப்பேட்டையை வைத்து ஒரு வழிகாட்டி

ஒரு ஊரின் நிலத்தடி நீர் கெட்டுவிட்டது என்று நிரூபிக்கவே பத்து இருபது வருடம் போய்விடுகிறது. அதற்குப் பிறகு நீதிமன்றமோ அரசோ "சுத்தம் செய்யுங்கள்" என்று சொன்னதும் எல்லோரும் பெருமூச்சு விட்டுவிடுகிறோம். ஆனால் உண்மையான சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எந்த அளவுக்குச் சுத்தம்? யார் அளப்பார்கள், எந்தக் கிணற்றில், எத்தனை வருடத்துக்கு? இதை யாரும் எழுதி வைக்காமல் விட்டால், ஒருநாள் ஒரு குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி "முடிந்தது" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

பஞ்சாயத்தில் இருப்பவர்கள், விவசாய சங்கத்தினர், வழக்கு நடத்தும் வக்கீல்கள், இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். ராணிப்பேட்டைக் குரோமியத்தை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன், ஆனால் முறை சாயக்கழிவுக்கும் எண்ணெய்க் கசிவுக்கும் இதேதான், மாசுப்பொருள்தான் மாறும்.

எந்தப் பொருள், எந்த வடிவில்

ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை இருந்தது. தோல் பதனிடத் தேவையான குரோமிய உப்புகளைத் தயாரித்தது, 1990களின் நடுவில் மூடப்பட்டது. தொழிற்சாலை போனது, கழிவு போகவில்லை. லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு திறந்த வெளியில் மேடாகக் கிடந்தது, மழை பெய்தால் அதன் அடியிலிருந்து மஞ்சளாக நீர் கசிந்தது. 2006ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று பட்டியல் போட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது.

இங்கே முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது குரோமியத்தின் இரண்டு வடிவங்களை. குரோமியம் 3 சாதாரணத் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், தோல் பதனிடப் பயன்படுவதும் இதுதான். குரோமியம் 6 அப்படியில்லை. தண்ணீரில் நன்றாகக் கரையும், தண்ணீர் போகிற இடமெல்லாம் போகும், புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. குரோமியத் தாதுவைச் சோடா, சுண்ணாம்புடன் வறுத்தெடுத்த பிறகு மிஞ்சும் கழிவில் இருப்பது இந்த ஆறாம் வகை. அதனால் "குரோமியம் இவ்வளவு" என்று மட்டும் எழுதினால் போதாது. மொத்தக் குரோமியத்துக்கு ஒரு வரி, குரோமியம் 6க்குத் தனியாக ஒரு வரி எழுதுங்கள்.

அதே பகுதியில் டேனரிகளால் வந்த உப்புப் பிரச்சினை வேறு இருக்கிறது. தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு அப்படியே டிடிஎஸ் ஆக, அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவாக, தண்ணீரில் ஏறுகிறது. குரோமியத்தை முழுதாக எடுத்துவிட்டாலும் லிட்டருக்கு 4,000 மில்லிகிராம் டிடிஎஸ் இருக்கிற தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை. ஒரே கிணற்றில் இரண்டு மாசு, இரண்டு மூலம், இரண்டு பொறுப்பாளிகள் இருக்கலாம். பட்டியலில் இரண்டையும் சேர்க்காவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டிக்கொண்டே காலம் கடத்துவார்கள்.

யாருக்கான தண்ணீர்

இதுதான் எண்ணைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி. இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500 (2012) மொத்தக் குரோமியத்துக்கு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்கிறது, தளர்வு கிடையாது. டிடிஎஸ் 500க்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லையென்றால் 2,000 வரை. பாசனத்துக்கு உலக உணவு, வேளாண் அமைப்பு சொல்லும் உச்ச அளவு குரோமியம் 0.1 மில்லிகிராம். மாடு குடிக்க 1 மில்லிகிராம். தொழிற்சாலைக் கழிவுநீரை ஆற்றிலோ ஏரியிலோ விடுவதற்கு மத்திய அரசின் பொது விதி குரோமியம் 6க்கு 0.1, மொத்தக் குரோமியத்துக்கு 2 மில்லிகிராம்.

கவனியுங்கள், கடைசியில் சொன்ன 2 மில்லிகிராம் குடிநீர் அளவைப்போல நாற்பது மடங்கு. அது கழிவுநீரை வெளியே விடுவதற்கான அளவு. நிலத்தடி நீரைச் சுத்தம் செய்து முடித்ததற்கு அதைச் சான்றாகக் காட்டக் கூடாது. ஆனால் காட்டுவார்கள். "மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதிமுறைக்குள் இருக்கிறது" என்ற வாக்கியம் எங்கே வந்தாலும், எந்த விதிமுறை என்று அந்த இடத்திலேயே கேளுங்கள்.

டிடிஎஸ்ஸிலும் இதே கதை. 1996 ஆகஸ்ட் 28ல் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. டேனரிகளால் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதாகவோ பயிருக்கு லாயக்கில்லாமல் போனதாக ஒரு கணக்கெடுப்பு சொல்வதை அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. வாரியம் நிர்ணயித்த 2,100 டிடிஎஸ் அளவு செல்லும் என்றும் சொன்னது. அந்த 2,100 என்பது கழிவுநீரை வெளியே விடுவதற்கான அளவு. கிணற்றுத் தண்ணீர் 2,100க்கு வந்தால் போதும் என்று யாராவது அதை வைத்து வாதாடினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் குடிநீர் அளவுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கச் சொல்லவில்லை. கழிவு மேட்டுக்கு நேர் கீழே இருக்கும் தண்ணீரை யாரும் குடிக்கப்போவதில்லை என்றால், அங்கே வேறு அளவு வைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் கூடவே இரண்டு விஷயம் எழுத்தில் வர வேண்டும்: அந்த எல்லைக்குள் புதிய போர் (ஆழ்துளைக் கிணறு) போடத் தடை, அந்தத் தடையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது. இரண்டும் இல்லாமல் தளர்ந்த அளவு வைப்பது மக்கள் தலையில் ஆபத்தை ஏற்றி வைப்பதுதான். இன்றைக்குக் குடிக்காத இடத்தில் நாளைக்கு ஒரு மனைப்பிரிவு வந்துவிடும், நம் ஊர்களில் அது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

இயற்கையில் எவ்வளவு இருந்தது

சில பாறைகளிலேயே குரோமியம் இருக்கும். ஒடிசாவின் சுகிந்தா, சேலத்தில் மேக்னசைட் வெட்டும் சுண்ணாம்புக் குன்றுப் பகுதி மாதிரி இடங்களில், தொழிற்சாலையே இல்லாவிட்டாலும் தண்ணீரில் கொஞ்சம் வரலாம். இயற்கை அளவுக்குக் கீழே சுத்தம் செய் என்று யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அதனால் எதிர்த்தரப்பு முதலில் கையிலெடுக்கும் ஆயுதம் இதுதான்: "இது இங்கே எப்போதுமே இருப்பது." ராணிப்பேட்டையின் அடியில் இருப்பது பெரும்பாலும் கருங்கல் வகைப் பாறை. அங்கே லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் குரோமியம் 6 இருந்தால் அதற்கு மனிதர்தான் காரணம்.

இயற்கை அளவைக் கண்டுபிடிக்க, நிலத்தடி நீர் ஓட்டத்தில் கழிவுக்கு மேல்பக்கம் இருக்கும், அதே பாறை, அதே ஆழம் உள்ள கிணறுகளை எடுங்கள். குறைந்தது எட்டு பத்து கிணறு, கோடைக்கு ஒன்று மழைக்குப் பின் ஒன்று என இரண்டு பருவம். கிணறுகளைத் தொழிற்சாலைத் தரப்பு மட்டும் தேர்வு செய்ய விடாதீர்கள். கலிபோர்னியாவின் ஹிங்க்லியில் 1952 முதல் 1966 வரை ஒரு எரிவாயு அழுத்த நிலையத்தின் குளிர்விப்பு நீரில் போட்ட குரோமியம் 6 நிலத்தடிக்குப் போனது. அங்கே இயற்கை அளவு லிட்டருக்கு 3.1 மைக்ரோகிராம் (0.0031 மில்லிகிராம்) என்று 2007ல் செய்த ஆய்வை வைத்துச் சுத்திகரிப்பு நடந்தது. ஊர்க்காரர்கள் அந்த ஆய்வை நம்பவில்லை, கடைசியில் அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை வந்து பல வருடம் எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆராய வேண்டியிருந்தது. ஆரம்பத்திலேயே இரு தரப்பும் உட்கார்ந்து கிணறுகளைத் தேர்ந்தெடுத்தால் இந்த அலைச்சல் பெருமளவு மிச்சம்.

எண்ணை நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

தர விதியில் இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதைக் கேள்வி கேட்க முடியும். கணக்கு எளிது. ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போனால் கெடுதல் வராது என்ற பாதுகாப்பு அளவை எடுங்கள், உடல் எடையால் பெருக்குங்கள், ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீரால் வகுங்கள்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 1998ல் குரோமியம் 6க்குக் கொடுத்த அளவு கிலோவுக்கு 0.003 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர், வெயிலில் வேலை செய்பவர், மூன்று லிட்டர் குடிக்கிறார் என்று வையுங்கள்: 0.003 பெருக்கல் 60, வகுத்தல் 3, விடை லிட்டருக்கு 0.06 மில்லிகிராம். சரி, 0.05 போதும் போலிருக்கிறதே என்று தோன்றும். இப்போது 10 கிலோ எடையுள்ள குழந்தை, ஒரு லிட்டர்: 0.03. குடிநீர் அளவுக்குள் இருக்கிற தண்ணீரே அந்தக் குழந்தைக்கு அதிகம்! 2024ல் அதே முகமை தன் அளவை 0.0009 ஆகக் குறைத்துவிட்டது. அதை வைத்துப் போட்டால் குழந்தைக்கு 0.009. இதில் புற்றுநோய்க் கணக்கும் சேரவில்லை, சாப்பாட்டின் வழியாக வருவதும் சேரவில்லை.

கலிபோர்னியா குடிநீரில் குரோமியம் 6க்குத் தனியாக 0.010 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் மொத்தக் குரோமியத்தை 2036க்குள் 0.025க்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. ஆகவே என் கருத்து இதுதான்: குரோமியம் 6 கலந்த இடத்தில் 0.05 என்பது சட்டப்படி கேட்கக்கூடிய குறைந்தபட்சம், அதை இறுதி இலக்காக வைக்கக் கூடாது. வீட்டு உபயோகக் கிணறுகள் இருக்கும் பகுதிக்கு 0.05 என்ற கட்டாய அளவும், 0.01 என்ற நீண்டகால இலக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

கேட்கும்போது காரணத்தையும் செலவையும் பதிவு செய்வது முக்கியம். கலிபோர்னியா இதே 0.010ஐ 2014லேயே கொண்டுவந்தது. தொழில் தரப்பு வழக்குப் போட்டது, செலவு தாங்குமா என்று சரியாகப் பரிசீலிக்கவில்லை என்று சொல்லி 2017ல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அளவு தவறு என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. கோப்பு சரியாக இல்லை, அவ்வளவுதான், அதற்காக ஏழு வருடம் போனது. மறுபடி அமலுக்கு வந்தது 2024ல்.

சாம்பிள் எடுப்பதில் எல்லாம் கெட்டுப்போகலாம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அருமையாக எழுதிய அளவெல்லாம் இங்கேதான் ஓட்டை வழியாக ஒழுகிப்போகிறது.

ஓடாமல் கிடந்த போரில் முதலில் வரும் தண்ணீர் குழாய்க்குள் தேங்கிக் கிடந்தது, பாறையில் இருக்கும் தண்ணீர் இல்லை. ஆறு அங்குல போரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 18 லிட்டர் நிற்கும். 30 மீட்டர் தண்ணீர் நின்றால் 540 லிட்டர். அதைப்போல மூன்று மடங்கு, ஏறக்குறைய 1,600 லிட்டர் வெளியேற்றிய பிறகு, பிஎச் அளவும் மின்கடத்துதிறனும் மாறாமல் நிலைத்ததும்தான் பாட்டிலை நீட்ட வேண்டும். காலையிலிருந்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் விவசாயக் கிணறு என்றால் இந்தத் தொல்லை இல்லை. வெளியேற்றும் தண்ணீரை வாய்க்காலில் விடாதீர்கள், அதுவும் மாசுபட்ட தண்ணீர்தான்.

மொத்தக் குரோமியத்துக்கு ஒரு பாட்டில், அதில் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். குரோமியம் 6க்கு வேறு பாட்டில், அதில் அமிலம் சேர்க்கவே கூடாது. சேர்த்தால் ஆறாம் வகை மூன்றாம் வகையாக மாறிவிடும், ரிப்போர்ட்டில் சுத்தமான தண்ணீர் வந்து நிற்கும். களத்திலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடிகட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். பிஎச்சை 9.3 முதல் 9.7க்குள் நிறுத்தும் அம்மோனியம் சல்பேட் கரைசல் சேர்த்தால் 28 நாள் வரை தாங்கும். வெள்ளிக்கிழமை மாலை எடுத்துத் திங்கட்கிழமை லேப்புக்குப் போன சாம்பிள் என்றால், அந்தக் கரைசல் சேர்த்ததா என்று கேளுங்கள். சேர்க்கவில்லையென்றால் அந்த ரிப்போர்ட்டைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. டைஃபீனைல்கார்பசைடு சேர்த்ததும் தண்ணீர் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறும் சோதனைக் கிட் கடைகளில் கிடைக்கிறது. நீதிமன்றத்தில் அது நிற்காது, ஆனால் எந்தக் கிணற்றை முறையாகச் சோதிக்க வேண்டும் என்று ஊருக்குள் முடிவு செய்ய அது போதும்.

அப்புறம் ரிப்போர்ட்டில் "பிடிஎல்" என்ற மூன்றெழுத்து. கருவி கண்டுபிடிக்கும் அளவுக்குக் கீழே என்று அர்த்தம். கருவியின் கண்டறியும் அளவே 0.1 மில்லிகிராம் என்றால், 0.09 குரோமியம் இருக்கிற தண்ணீருக்கும் பிடிஎல் என்றுதான் வரும். எனவே அளவை எழுதும்போதே "கண்டறியும் அளவு, நிர்ணயித்த அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். லேப்புக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, குறிப்பாகக் குரோமியம் 6 சோதனைக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த இடத்தில் அளப்பது

கழிவு மேட்டின் எல்லையில் ஒரு வரிசை, அதற்கும் ஊர்க் கிணறுகளுக்கும் நடுவே ஒரு வரிசை, பிறகு ஊர்க் கிணறுகள், ராணிப்பேட்டை என்றால் அதற்கப்பால் பாலாற்றுப் பக்கம் ஒரு வரிசை. நடு வரிசைதான் எச்சரிக்கை மணி. அங்கே ஏறினால் ஊருக்கு வந்து சேர இன்னும் காலம் இருக்கிறது, ஏதாவது செய்யலாம். கட்டாய அளவு பொருந்தும் இடம் ஊர்க் கிணறுகளில் மட்டும் என்று எழுதிவிட்டால், அளவு மீறியது தெரியும்போது மக்கள் ஏற்கெனவே அதைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

கடினப் பாறைப் பகுதியில் இன்னொரு சிக்கல். தண்ணீர் மணலில் போவதுபோலச் சீராகப் போகாது, பாறை வெடிப்புகள் வழியாகப் போகும். 100 அடியில் ஒரு வெடிப்பில் மஞ்சள் தண்ணீர், 350 அடியில் நல்ல தண்ணீர், இரண்டும் ஒரே போரில் கலந்து மேலே வந்தால் ரிப்போர்ட்டில் நடுத்தரமான ஒரு எண் வரும், அது எந்த வெடிப்பின் நிலையையும் சொல்லாது. கண்காணிப்புக் கிணறு ஒவ்வொன்றும் எந்த ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறது என்று வரையறுத்துத்தான் போட வேண்டும். அதைவிட மோசம், கண்டபடி ஆழமாகப் போட்ட கண்காணிப்பு போரே மேல் வெடிப்பின் மாசைக் கீழே இறக்கிவிடும்.

கழிவு மேட்டைத் தொடாமல் தண்ணீரைச் சுத்தம் செய்ய முடியாது

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம், எண்கள் உதாரணத்துக்குத்தான். மாசு பரவிய பகுதி 500 மீட்டர் நீளம், 200 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் பாறை 10 மீட்டர் கனம், அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு இடைவெளி. 20,000 கன மீட்டர் தண்ணீர். லிட்டருக்கு 10 மில்லிகிராம் குரோமியம் 6 என்றால் மொத்தமே 200 கிலோதான். நாளைக்கு 100 கன மீட்டர் வீதம் எடுத்தால் 200 நாளில் ஒரு சுற்று. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

இப்போது மேலே இருக்கும் மேட்டைப் பாருங்கள். ஒரு லட்சம் டன் கழிவில் ஆயிரத்தில் ஒரு பங்கு குரோமியம் 6 என்றால்கூட 100 டன். தண்ணீரில் இருப்பதைப்போல 500 மடங்கு மேட்டில் இருக்கிறது, ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருக்கிறது. குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது மாதிரி ஆகிவிடும். அதனால் தண்ணீருக்கான அளவோடு, மேட்டுக்கும் ஒரு அளவு வேண்டும்: கழிவிலும் அடிமண்ணிலும் எவ்வளவு குரோமியம் 6 மிஞ்சலாம், அதிலிருந்து கசியும் நீரில் எவ்வளவு இருக்கலாம், எந்தத் தேதிக்குள் அகற்றப்படும் அல்லது மூடப்படும். மண்ணுக்கான அளவில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை வளாகத்தில் பாதரசத்துக்கு ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்று வைத்தார்கள். இவ்வளவு தளர்வான அளவை ஒரு மழைக்காட்டுச் சரிவில் எப்படி ஏற்பது என்று போராடியவர்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி.

சுத்திகரிப்பு நிலையத்துக்கான அளவு வேறு

வெளியே எடுத்த தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்ப விடும்போது, அந்தக் குழாயின் வாயில் பொருந்தும் அளவு ஒன்று, பாறைக்குள் பொருந்தும் அளவு இன்னொன்று. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிக் குழப்ப வேண்டாம். திரும்ப நிலத்துக்குள் விடுவதென்றால் குழாய் வாயிலேயே குடிநீர் அளவு இருக்க வேண்டும், அதில் பேரமே கூடாது.

வழக்கமான முறை அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட் சேர்ப்பது. அது குரோமியம் 6ஐ மூன்றாக மாற்றிவிடும், பிஎச்சை உயர்த்தினால் கீழே படியும். ஒரு கிராம் குரோமியம் 6க்கு ஏட்டுக் கணக்குப்படி 16 கிராம் அன்னபேதி, நடைமுறையில் அதைவிடக் கணிசமாகக் கூடும், ஏனென்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஒரு பங்கைத் தின்றுவிடும். இதன் பக்கவிளைவு சல்பேட்டும் டிடிஎஸ்ஸும் ஏறுவது, அப்புறம் படியும் சேறு. அந்தச் சேறு அபாயகரக் கழிவு, கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற பாதுகாப்பான நிரப்பிடத்துக்குப் போக வேண்டும், ஒவ்வொரு லோடுக்கும் ரசீது இருக்க வேண்டும். ஆர்ஓ வைத்தால் வடிகட்டி ஒதுக்கும் தண்ணீரில் குரோமியமும் உப்பும் இன்னும் அடர்த்தியாக இருக்கும், அது எங்கே போகிறது என்பதற்கும் ஒரு வரி வேண்டும்.

பூமிக்குள்ளேயே எத்தனால், வெல்லப்பாகு, தாவர எண்ணெய் போன்றவற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களின் உதவியோடு குரோமியத்தை அங்கேயே மாற்றும் முறையும் உண்டு. ஹிங்க்லியில் எத்தனால் பயன்படுத்தினார்கள். நல்ல முறைதான், ஆனால் ஆக்சிஜன் தீர்ந்த நிலத்தடியில் மாங்கனீசும் இரும்பும் ஆர்செனிக்கும் பாறையிலிருந்து கரைந்து வரக்கூடும். ஒரு விஷத்தை எடுக்கப்போய் இன்னொன்றைக் கொடுத்துவிடக் கூடாது, ஆகையால் அந்த மூன்றுக்கும் அளவு எழுதி, அவற்றையும் ஒவ்வொரு முறையும் சோதிக்க வைக்க வேண்டும். மாங்கனீசு ஆக்சைடு உள்ள மண்ணில் மூன்றாம் வகை மறுபடி ஆறாம் வகையாக மாற வாய்ப்பு இருப்பதால், செலுத்துவதை நிறுத்திய பிறகும் கண்காணிப்பு தொடர வேண்டும்.

எப்போது "முடிந்தது"

மோட்டாரை ஓட்டிக்கொண்டே எடுத்த அளவு எப்போதும் அழகாக இருக்கும். நிறுத்தினால் பாறையின் நுண்ணிய இடுக்குகளில் தங்கிய மாசு மெல்ல வெளியே வந்து மறுபடி ஏறும். எனவே முடிந்ததா என்று பார்க்கும் கடிகாரம் மோட்டாரை நிறுத்திய நாளிலிருந்துதான் ஓட வேண்டும். ஒவ்வொரு காலாண்டுக்கும் ஒருமுறை, தொடர்ந்து எட்டு சாம்பிள், அதாவது இரண்டு முழு வருடம், அதில் மே மாத வறட்சியும் வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய ஜனவரியும் கட்டாயம் வர வேண்டும். மழை கழிவை அடித்துக்கொண்டு வருமா, இல்லை நீர்க்கச் செய்யுமா என்பது கிணற்றுக்குக் கிணறு மாறும்.

சராசரியை மட்டும் வைத்துத் தேர்ச்சி கொடுக்காதீர்கள். எட்டு அளவுகள் இப்படி வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: 0.03, 0.04, 0.02, 0.12, 0.03, 0.04, 0.05, 0.03. சராசரி 0.045, அளவு 0.05, தேறிவிட்டது என்பார்கள். ஆனால் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் எடுத்து, நூற்றுக்கு 95 நம்பகத்தில் உண்மையான சராசரி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று பார்த்தால் 0.066 வருகிறது. தேறவில்லை. இந்த 95 சதவீத மேல் எல்லைதான் அளவுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எழுதுங்கள், கல்லூரியில் புள்ளியியல் படித்த எந்தப் பிள்ளையும் எக்செலில் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்த 0.12 ஏன் வந்தது என்று விசாரிக்காமல் "பிழையான அளவு" என்று நீக்கவும் கூடாது.

எங்கே கேட்பது

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்திருக்கிறது. மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலைக் கொடுக்க வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளுக்குள் முதல்கட்ட ஆய்வு செய்ய வேண்டும், சந்தேகம் உறுதியானால் விரிவான ஆய்வு. சுரங்கம், குப்பைக் கிடங்கு, கதிரியக்கக் கழிவு ஆகியவற்றால் வந்த மாசு இதில் வராது. உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தகவல் அறியும் உரிமை மனு போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் கிராம சபையில் தீர்மானம் போட்டு, கிணறு வாரியாக லேப் ரிப்போர்ட்டை இணைத்து ஆட்சியருக்கும் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் அனுப்புங்கள். அது நகரவில்லையென்றால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது.

மனுவில் "சுத்தம் செய்ய உத்தரவிட வேண்டும்" என்று மட்டும் எழுதாமல், இந்த மாதிரி ஒரு பத்தியைச் சேருங்கள், உங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்:

"இணைப்பு வரைபடத்தில் காட்டிய எல்லைக்கு வெளியே உள்ள எல்லாக் கண்காணிப்பு, வீட்டு, பாசனக் கிணறுகளிலும் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. குரோமியம் 6க்கான நீண்டகால இலக்கு 0.01 மில்லிகிராம். நீர் இறைப்பை நிறுத்திய பின் தொடர்ந்து எட்டு காலாண்டு அளவுகளின் 95 சதவீத மேல் எல்லை கட்டாய அளவுக்குக் கீழே இருந்தால் மட்டுமே பணி முடிந்ததாகக் கருதப்படும். சாம்பிள் எடுக்கும் தேதி ஏழு நாள் முன்பு ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்கப்படும், ஊராட்சிப் பிரதிநிதி முன்னிலையில் எடுக்கப்படும், இரட்டைச் சாம்பிளில் ஒன்று ஊராட்சியிடம் கொடுக்கப்படும். முடிவுகள் 30 நாளுக்குள் தமிழில் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்படும். அதுவரை பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு மாசுபடுத்தியவர் செலவில் குடிநீர் வழங்கப்படும்."

இதோடு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளவையே மறுபரிசீலனை செய்யும் பிரிவும் வேண்டும். அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட் சட்டத்தில், மாசு மிச்சம் வைத்து முடித்த இடங்களுக்கு ஐந்தாண்டு மறுஆய்வு கட்டாயம். நம்முடைய குடிநீர்த் தரம் நாளைக்கு 0.025 ஆகக் குறைந்தால், இன்று 0.05 வைத்துக் கோப்பை மூடிய இடத்தைத் திறக்க அந்த ஒரு பிரிவு இருந்தால்தான் முடியும். அதற்கான பணத்தை முன்கூட்டியே வங்கி உத்தரவாதமாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் ஐந்து வருடம் கழித்து அந்த நிறுவனம் அதே பெயரில் இருக்காது.